கத்தரி வைப்பதற்கு முன்னால்

கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் துணி போலப் பின்னியது வேண்டாம், நெய்த பருத்தித் துணியாக இருக்கட்டும். எதிரெதிர் ஓரங்களை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். விறைப்பாக நிற்கும், நீளாது. திருப்பி மற்ற இரண்டு ஓரங்களையும் இழுத்துப் பாருங்கள். ஒரு நூலளவு கொடுக்கலாம், அவ்வளவுதான். சரி, இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மூலைவாட்டமாக இழுங்கள். அதே துணிதான், ஆனால் நீள்கிறது. நடுவில் இடுப்பு ஒடுங்குவதுபோல ஒடுங்குகிறது. கையை விட்டாலும் உடனே முழுதாகப் பழைய நிலைக்கு வருவதில்லை.

இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு உடைகளின் வடிவத்தையே மாற்றியவர் மத்லேன் வியோனே. 1876இல் பிறந்தவர். 1912இல் பாரிஸில் சொந்தமாக உடையகம் தொடங்கினார். ஒரு சின்ன மரப் பொம்மையை முன்னால் வைத்துக்கொண்டு அதன்மேல் துணியைச் சாத்துவார், திருப்புவார், குண்டூசி குத்துவார், மறுபடி எடுப்பார். உடை பிறந்தது அங்கேதான். துணியை மூலைவாட்டமாகத் திருப்பிச் சாத்தும்போது அது உடம்பின் வளைவுகளில் தானாகவே படிகிறது, உள்ளே எலும்புச் சட்டமோ இறுக்கும் கயிறோ தேவையில்லை என்று அவருடைய கை கண்டுகொண்டது. அப்படி வெட்டினால் துணி நிறைய வீணாகும், ஒட்டுப்போட வேண்டியும் வரும். அதனால் வழக்கத்தைவிட அகலமான துணியைத் தனியாக நெய்யச் சொல்லி வாங்கினார்.

துணியிலும் உடையிலும் வேலை செய்யும் கலைஞர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை விளக்கத்தான் வியோனேயில் தொடங்கினேன். நம்மில் பலருக்கு ஒரு படம் பதிந்திருக்கிறது. வடிவமைப்பாளர் தாளில் அழகாக வரைவார், தையல்காரர் அதைப் பார்த்துத் தைப்பார், முடிந்தது. அப்படியும் நடக்கிறதுதான். ஆனால் நல்ல துணிக் கலைஞர்களின் வேலையைக் கவனித்தால், யோசனையின் பெரும்பகுதி தாளில் நடப்பதே இல்லை என்று தெரியும். துணியைத் தொட்டு, மடித்து, தொங்கவிட்டு, சாயத்தில் முக்கி, பிரித்துத் திரும்பத் தைத்துத்தான் அவர்கள் யோசிக்கிறார்கள். வரைந்த படம் ஒரு கேள்வி மட்டும். பதில் துணியிலிருந்துதான் வர வேண்டும்.

துணிக்கு என்ன குணம்?

துணி பதில் சொல்கிறது என்றால், அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது என்று அர்த்தம். அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

நெய்த துணியில் இரண்டு வகை இழைகள். தறியில் முதலிலேயே நீளமாக இழுத்துக் கட்டியிருப்பது பாவு. அதற்குக் குறுக்கே போய்வருவது ஊடை. பாவு எப்போதும் இழுவிசையில் இருப்பதால் துணி நீளவாட்டில் உறுதியாக நிற்கிறது. ஊடை கொஞ்சம் நெளிந்து போவதால் அகலவாட்டில் சிறிது கொடுக்கிறது. மூலைவாட்டத்தில் எந்த இழையும் நேராக ஓடவில்லை. பாவும் ஊடையும் சேர்ந்து போட்ட சின்னச் சின்னச் சதுரங்கள் சாய்சதுரங்களாகச் சரிகின்றன. கைக்குட்டை நீண்டதன் ரகசியம் அதுதான்.

ஊடை எந்தக் கணக்கில் பாவைத் தாண்டுகிறது என்பதைப் பொறுத்தும் குணம் மாறும். ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் போனால் சாதா நெசவு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு இழை தள்ளித் தள்ளிப் போனால் சாய்வரிகள் தோன்றும். ஜீன்ஸ் துணியைக் கண்ணருகே கொண்டுபோனால் அந்த வரிகளைப் பார்க்கலாம். பல இழைகளை ஒரேயடியாகத் தாண்டிப் போனால் சாட்டின். நீளமான இழைகள் மேலே படுத்திருப்பதால் வெளிச்சம் வழுக்கும், நகம் பட்டால் நூலும் சிக்கும். பின்னல் துணி வேறு இனம். ஒரே நூல் வளையம் வளையமாகத் தன்னோடு தானே கோத்துக்கொள்வதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்கும். ஃபெல்ட்டில் இழைவரிசையே கிடையாது. கம்பளி ரோமத்தை ஈரமும் சூடும் சேர்த்துத் தேய்த்தால் அதன் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன.

இதெல்லாம் நெசவாளருக்கு வேண்டிய பாடம்தானே, உடை வடிவமைப்பவருக்கு எதற்கு என்று தோன்றலாம். ஃபெல்ட்டை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. அதனால் கத்தரியின் கோடே உடையின் ஓரமாகிவிடும், எந்த வளைவையும் தைரியமாக வெட்டலாம். மெல்லிய ஷிஃபானில் அதே வளைவை வெட்டினால் ஓரத்தை அடக்குவதற்கே ஒரு நாள் போகும். அப்போது ஓரம் குறைவாக வரும்படி உடையை வேறு மாதிரி யோசிக்க வேண்டும். வடிவம் பற்றிய முடிவு என்று நாம் நினைப்பதில் பாதியை நார் ஏற்கெனவே எடுத்துவிட்டிருக்கும்.

முதல் பொறி

எதிலிருந்து தொடங்குகிறார்கள் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. சில உண்மைக் கதைகளைச் சொல்கிறேன்.

ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1922இல் சேர்ந்த ஆனி ஆல்பெர்ஸ் கண்ணாடிப் பட்டறைக்குப் போக விரும்பினார். பெண்கள் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பப்பட்டார்கள், அவரும் அங்கே போனார். ஆசைப்பட்டுப் போன இடமல்ல. ஆனால் பாவும் ஊடையும் விதிக்கிற கட்டுப்பாடே பிறகு அவருக்குச் சிந்தனைக் கருவியாயிற்று. 1929 வாக்கில் அவருடைய பட்டய வேலைக்கு வந்தது ஒரு நடைமுறைப் பிரச்சினை: பெர்னாவ் என்ற ஊரில் கட்டிய பள்ளியின் பெரிய அரங்கில் எதிரொலி. அதற்கு அவர் நெய்த சுவர்த் துணியின் பின்பக்கம் வெல்வெட் போலப் புசுபுசுவென்று இருந்து ஒலியை உறிஞ்சியது. முன்பக்கத்தில் செல்லோஃபேன் இழைகளைச் சேர்த்திருந்ததால் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி அறையைப் பிரகாசமாக்கியது. ஒரே துணியின் இரண்டு முகங்களுக்கு இரண்டு வேலை. அழகாக இருக்க வேண்டும் என்று தொடங்காமல் என்ன செய்ய வேண்டும் என்று தொடங்கியதால் கிடைத்த அழகு அது. 1949இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. துணிக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அதுவே முதல் முறை.

ஓவியர் சோனியா தெலோனேயின் தொடக்கம் தொட்டிலில். 1911இல், பிறந்த மகனுக்காகத் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார். உக்ரைனில் பிறந்தவர் அவர். அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் தைக்கும் போர்வைகள் நினைவில் இருந்தன. தைத்து முடித்துப் பார்த்தபோது நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையொன்று அசைக்கிற விதம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதே வழியில் ஓவியங்களுக்குப் போனார். 1913இல் அப்படியொரு உடையையும் தைத்து அணிந்தார். போர்வைதான் முன்னால் வந்தது, ஓவியக் கொள்கை பின்னால் வந்தது. இந்த வரிசை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. துணிவேலையை ஓவியத்தின் தங்கைபோல நடத்துபவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லவும் ஆசை.

துயரத்திலிருந்தும் தொடங்கலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல் ஒரு போர்வை தைத்தார். கணவர் இறந்துவிட்டார். அவர் வயலில் உடுத்திய வேலை உடைகளைக் கிழித்துப் பட்டை பட்டையாக ஒட்டிய போர்வை அது. நீலம், சாம்பல், பழுப்பு, நடுவில் கொஞ்சம் சிவப்பு. எந்த இடம் வெயிலில் வெளுத்தது, எந்த இடம் உட்கார்ந்து தேய்ந்தது என்பதெல்லாம் அந்தத் துணியிலேயே எழுதியிருந்தது. அவர் செய்தது எது எங்கே வர வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானம்தான் கலை. அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் ஓவியங்களைப்போலத் தொங்கின.

பொருள் வந்து மோதுவதும் உண்டு. போலந்தின் மக்தலேனா அபகனோவிச் துறைமுகத்தில் கழித்துப்போட்ட பழைய கயிறுகளை வாங்கிவந்து, முறுக்குப் பிரித்து, நாராக்கி, சாயம் போட்டு நெய்தார். 1960களில் அப்படிப் பிறந்தவைதான் கூரையிலிருந்து தொங்கும் அவருடைய பிரம்மாண்டமான, உள்ளே நுழைந்து பார்க்கும்படியான உருவங்கள். கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்து வேலை செய்த எல் அனாட்சூயிக்கு 1990களின் கடைசியில், தூக்கிப்போட்ட பாட்டில் மூடிகள் நிறைந்த பை ஒன்று கிடைத்தது. என்ன செய்வதென்று உடனே தெரியவில்லை. கொண்டுவந்து பட்டறையில் வைத்திருந்தார். பிறகுதான் மூடிகளைத் தட்டையாக்கி, முறுக்கி, மடித்து, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தார். உலோகம் துணிபோல மடிந்து தொங்கியது.

அந்தக் காத்திருப்பையும் வேலையாகவே எண்ணுங்கள். துணிக் கலைஞர்களின் அறைகளில் எதற்கென்று தெரியாமல் சேர்த்துவைத்த துண்டுகள், நூல்கண்டுகள், பொத்தான்கள் இருக்கும். மூட் போர்டு என்று படங்களை ஒட்டி வைக்கிற பழக்கமும் பரவலாக உண்டு. அதில் தவறில்லை. ஆனால் திரையில் சேர்த்த நூறு படங்களைவிடத் தொட்டுப் பார்க்க முடிகிற ஐந்து துண்டுகள் தொடங்குபவருக்கு அதிகம் சொல்லித்தரும். படத்துக்கு எடை கிடையாது, அது எப்படி விழும் என்றும் காட்டாது.

மாதிரித் துண்டுகள்

இனி வருவதுதான் இந்தக் கலையின் இதயம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓவியர் குறிப்பேட்டில் கிறுக்கிப் பார்ப்பதுபோலத் துணிக் கலைஞர் மாதிரித் துண்டுகள் செய்து பார்க்கிறார். அமெரிக்காவில் பிறந்த நெசவுக் கலைஞர் ஷீலா ஹிக்ஸ் 1950களிலிருந்தே, கையோடு எடுத்துப்போகக்கூடிய ஒரு சின்னச் சட்டத் தறியில், புத்தகப் பக்க அளவிலான நெசவுகளைச் செய்துவந்திருக்கிறார். எந்த ஊருக்குப் போனாலும் தறியும் போகும். சுவரை மறைக்கும் பெரிய படைப்புகள் அவருக்கு உண்டு. இருந்தாலும் இந்தக் குட்டித் துண்டுகள்தான் அவருடைய நாட்குறிப்பு. ஒன்றில் ஒரு இழையைத் தளர விட்டிருப்பார், இன்னொன்றில் நடுவே ஒரு பிளவு இருக்கும், வேறொன்றில் கையில் கிடைத்த ஏதோ ஒரு பொருளையே ஊடையாகச் செருகியிருப்பார்.

மாதிரி செய்யும்போது பழக வேண்டிய ஒழுங்கு ஒன்றுதான்: ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவது. நூலையும் நெசவையும் நிறத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, வந்தது பிடித்துப்போனால், எதனால் பிடித்தது என்று தெரியாமல் போய்விடும். அப்புறம், எழுதி வைப்பது. என்ன நூல், எத்தனை இழை, சாயம் என்றால் எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதித் துண்டின் மூலையில் தைத்துவிட வேண்டும். குண்டூசி துருப்பிடிக்கும், பசை காலத்தில் விட்டுப்போகும். நூல்தான் நம்பகமானது.

சாயத்தில் இந்த ஒழுங்கு எவ்வளவு தேவை என்பதற்கு அவுரியைச் சொல்லலாம். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரமான தொட்டியில், ஆக்சிஜனை நீக்கினால்தான் கரையும். அப்போது தொட்டியில் இருப்பது நீலமே இல்லை, மஞ்சள் கலந்த பச்சை. துணியை நனைத்துப் பிழிந்து, காற்றுக்குமிழி சேராமல் மெதுவாக உள்ளே இறக்கி, கையால் அளைந்துவிட்டு வெளியே எடுக்கிறீர்கள். எடுத்த நொடியில் பச்சை. காற்றுப் படப்பட மேலிருந்து திட்டுத் திட்டாக நீலம் பரவுகிறது. மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் இன்னும் பச்சையாக இருக்கும். விரித்துக் காட்டினால் அதுவும் நீலமாகும். ஒரே முக்கில் ஆழ்ந்த நீலம் வராது, ஊறப்போட்டாலும் வராது. முக்கி எடுத்துக் காற்றாட விட்டு, மறுபடி முக்க வேண்டும். ஐந்தாம் முக்குக்கும் எட்டாம் முக்குக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்ற முடிவு கலைஞருடையது. ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்ததும் வெளிறும் என்பதையும் கணக்கில் வைத்து முடிவெடுக்க வேண்டும். இதைச் சொல்லித் தர முடியாது, மாதிரித் துண்டுகளை வரிசையாகக் காயப்போட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு உதாரணம் மஞ்சிட்டி வேர். அதே வேர், அதே பாத்திரம். முன்னதாகப் படிகாரத்தில் ஊறவைத்த துணி சிவக்கும். இரும்பு நீரில் ஊறவைத்தது ஊதா கலந்த கரும்பழுப்புக்குப் போகும். கம்பளி ஒரு விதமாகக் குடிக்கும், பருத்தி வேறு விதமாகக் குடிக்கும். நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று சொல்வதைவிட நாருக்கும் படிகாரம் போன்ற உப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நிறத்தைத் தேடிப் பிடிக்கிறோம் என்பதே சரி.

தட்டையான துணி உருண்டையாவது எப்படி

உடை செய்பவருக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல். துணி தட்டை, உடம்பு அப்படியல்ல.

ஒரு தாளை வட்டமாக வெட்டுங்கள். ஓரத்திலிருந்து நடு மையம்வரை ஒரு கோடு வெட்டி, வெட்டிய இரண்டு ஓரங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொஞ்சம் ஏற்றிப் பிடியுங்கள். தட்டைத் தாள் கூம்பாகிவிட்டது. தையலில் டார்ட் என்று சொல்வது இதைத்தான். துணியில் ஒரு முக்கோணத்தைப் பிடித்துத் தைத்தால் அதன் முனையில் ஒரு மேடு எழும். மார்புக்கும் இடுப்புக்கும் தோளுக்கும் இடம் கொடுப்பது இப்படித்தான். டார்ட்டைத் தோளிலிருந்து இறக்கலாம், பக்கவாட்டிலிருந்து கொண்டுவரலாம், ஒரு தையல் கோட்டுக்குள் மறைத்தும் விடலாம். மேடு அதே இடத்தில்தான் எழும், கோடு மட்டும் இடம் மாறும். இந்தக் கோடுகளை எங்கே ஓட விடுவது என்பதில்தான் ஒரு வடிவமைப்பாளரின் கையெழுத்து தெரியும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. அளவெடுத்துத் தாளில் பேட்டர்ன் போட்டு வெட்டுவது ஒன்று. வியோனேயைப்போலப் பொம்மைமேல் துணியைச் சாத்திக் குண்டூசி குத்தியே வடிவம் காண்பது இன்னொன்று. பெரும்பாலானவர்கள் இரண்டையும் கலக்கிறார்கள். எந்த வழியானாலும் நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காடாத் துணியில் ஒரு மாதிரி உடை தைத்துவிடுவார்கள். அதன்மேல் பென்சிலால் கோடு போடலாம், பிடிக்காத கையைக் கிழித்துவிட்டு வேறு கை வைக்கலாம், நடுவில் வெட்டி அகலப்படுத்தலாம். திருத்தி முடிந்ததும் தையலைப் பிரித்துத் தட்டையாக்கினால் அதுவே புதிய பேட்டர்ன். எனக்கு முடிந்த உடைகளைவிட இந்தக் காடா மாதிரிகளைப் பார்ப்பதில்தான் ஆர்வம் அதிகம். அழித்த கோடு, மாற்றிய கோடு, ஓரத்தில் அவசரமாக எழுதிய எண் என்று யோசித்த தடமெல்லாம் அதில் அப்படியே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: காடாத் துணியின் பதில் காடாத் துணியின் பதில்தான். வழுக்கும் பட்டில் அதே பேட்டர்ன் வேறு மாதிரி விழும். மூலைவாட்டமாக வெட்டிய உடையைத் தைத்தவுடன் கீழோரத்தை மடித்துத் தைத்துவிடக் கூடாது. ஒரு இரவாவது தொங்கவிட வேண்டும். தன் எடையாலேயே துணி இறங்கும், எல்லா இடத்திலும் ஒரே அளவாகவும் இறங்காது. காலையில் பார்த்தால் ஓரம் ஏறியும் இறங்கியும் கோணலாக இருக்கும். அதன்பிறகு சமப்படுத்தி வெட்டித் தைப்பார்கள்.

வேலை வரிசையைத் தலைகீழாக்கியும் புதுமை பிறந்திருக்கிறது. வழக்கமாகத் துணியில் மடிப்புகளைப் போட்டுவிட்டு அதை வெட்டித் தைப்பார்கள். ஜப்பானின் இஸ்ஸே மியாகே முதலில் தைத்தார். உடையை வேண்டிய அளவைப்போல இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாகத் தைத்து, காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டோடு அழுத்தி மடிப்பு ஏற்றினார். பாலியெஸ்டர் சூட்டில் இளகிக் குளிரும்போது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும், அதனால் துவைத்தாலும் மடிப்பு போகாது. சாதாப் பருத்தியில் இது நிற்காது. 1991இல் வில்லியம் ஃபோர்சைத்தின் நடனக் குழுவுக்கு இப்படிச் செய்த உடைகளை ஆட்டக்காரர்கள் உடுத்தி ஆடிப் பார்த்தார்கள். உடம்போடு சேர்ந்து விரிந்து சுருங்கின. 1993இல் அது தனி உடை வரிசையாக வெளிவந்தது. மேடையில் துள்ளும் உடம்புகளே அவருக்குச் சோதனைப் பொம்மைகள்.

தவறும் தற்செயலும்

தையலைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. இந்த வித்தியாசம் துணிக் கலைஞர்களின் மனநிலையையே வடிவமைக்கிறது. தைப்பதில் தாராளமாகத் தவறு செய்வார்கள், வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

தவறைத் திட்டமிட்டு வரவழைப்பவர்களும் உண்டு. ஜப்பானிய வடிவமைப்பாளர் ரேய் கவாகுபோ 1982இல் ஓட்டைகள் விழுந்த கறுப்பு ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். பார்த்தவர்கள் பூச்சி அரித்ததுபோல என்றார்கள். பின்னல் இயந்திரத்தின் திருகுகளை அங்கங்கே தளர்த்தி அந்த ஓட்டைகளை வரவழைத்திருந்தார். எந்த ஓட்டை எங்கே விழும் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, விழட்டும் என்பதை மட்டும் தீர்மானித்தார். உடை வடிவமைப்பாளர் ஹுசைன் சாலயான் 1993இல் படிப்பு முடிக்கும்போது தன் பட்டு உடைகளை இரும்புத் தூளோடு தோட்டத்து மண்ணில் புதைத்துவைத்துத் தோண்டி எடுத்தார். துருவும் மண்ணும் ஈரமும் துணியில் வரைந்திருந்தன. மேலே சொன்ன மஞ்சிட்டியோடு சேர்ந்த இரும்பும் இந்த இரும்பும் ஒன்றுதான். சாயக்காரரின் பழைய அறிவை அவர் மண்ணிடம் கொடுத்துவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாமல் செய்வது

தறி முன்னால் உட்கார்ந்தவருக்கு மட்டும் உள்ள ஒரு விசித்திரமான நிலை உண்டு. நெய்த பகுதி உருளையில் சுற்றிக்கொண்டு மறைந்துவிடும். கண் முன்னால் இருப்பது ஒரு முழம் மட்டும். ஐரோப்பாவின் பழைய பெரிய சித்திரத் திரைகளைப் பலவேளை பின்பக்கத்திலிருந்து, அதுவும் படத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்து நெய்தார்கள். குதிரையின் முகத்தை நெய்த கை அதன் வாலுக்கு வருவதற்குள் மாதங்கள் கடந்திருக்கும். முகத்துக்கு எந்த சிவப்பு வைத்தோம் என்பது நினைவிலும் குறிப்பிலும்தான் இருக்கும். தறியிலிருந்து அறுத்து இறக்கி விரிக்கும் நாளில்தான் முழுப் படமும் முதன்முதலாகத் தெரியும்.

இதனால்தான் நெசவில் திட்டமிடுதலுக்கு இவ்வளவு மரியாதை. பாவு கட்டிய பிறகு பாவை மாற்ற முடியாது. எத்தனை இழை, என்ன நிறம், எவ்வளவு நெருக்கம் எல்லாம் முதல் ஊடை ஓடும் முன்பே முடிவாகிவிட்டது. சுதந்திரம் ஊடையில் மட்டும்தான். ஊசிவேலை செய்பவருக்கு நேர் எதிர்: எந்த இடத்திலும் தொடங்கலாம், முழுவதும் மடியிலேயே கிடக்கும், பிடிக்காததைப் பிரித்துவிடலாம். ஒரே மனிதர் தறியில் ஒரு குணத்தோடும் ஊசியில் வேறு குணத்தோடும் இருப்பதைப் பார்க்கலாம்.

நேரமும் இங்கே ஒரு பொருள். ஒரு சாண் நெய்ய ஒரு நாள் ஆகும் வேலையில், கை ஓடிக்கொண்டிருக்கும்போதே மனம் அடுத்த படைப்பையும் யோசித்துவிடுகிறது. பல கைகள் சேரும் வேலையில் யோசனையும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. அனாட்சூயியின் பட்டறையில் உதவியாளர்கள் சின்னச் சின்னப் பகுதிகளாகக் கோத்துத் தருவார்கள். அவர் அவற்றைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, பிறகு இணைப்பார். அதோடும் முடிவதில்லை. அருங்காட்சியகத்தில் அதை மாட்டுபவர்கள் தங்கள் விருப்பப்படி மடித்து, சுருக்கி, அலை அலையாகத் தொங்கவிடலாம் என்று விட்டுவிடுகிறார். ஒரே படைப்பு இடத்துக்கு இடம் வேறு உருவம் எடுக்கிறது.

மியாகே 1990களின் கடைசியில் செய்த ஒரு சோதனையும் அப்படித்தான். குழாய்போல நீளமாகப் பின்னிய துணி. அதற்குள்ளேயே உடையின் வடிவங்கள் கோடுகளாகப் பின்னப்பட்டிருக்கும். வாங்கியவர் கத்தரியால் அந்தக் கோட்டோடு வெட்டினால் உடை கைக்கு வந்துவிடும், தைக்க வேண்டாம். கையை நீளமாக வைப்பதா குட்டையாக்குவதா என்பது உடுத்துபவர் பாடு. கடைசிக் கத்தரியை உடுத்துபவரிடமே கொடுத்துவிட்டார்.

நீங்களும் தொடங்கிப் பார்க்க விரும்பினால், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். இனி போடப்போவதில்லை என்று முடிவான பழைய சட்டை ஒன்றையும் தையல் பிரிக்கும் சின்னக் கத்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழிக்காமல் தையல் தையலாகப் பிரித்து எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்புங்கள். ஒரு மாலைப்பொழுது ஆகும். குழாய் என்று நினைத்த கை, விரித்தால் தலைப்பக்கம் மணிபோல வளைந்த ஒரு துண்டாக இருக்கும். அந்த வளைவு கைக்குழியின் வளைவைவிடச் சற்று நீளமாக இருக்கிறதா என்று ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அந்தக் கொஞ்சம் கூடுதல் துணியைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே இழுத்துத் தைத்ததால்தான் தோளில் உருட்சி வந்தது. காலர் இரண்டு துணியா மூன்றா, அவற்றுக்கு நடுவே விறைப்புக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தோளில் பாவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்.

அப்புறம் தையலுக்காக உள்ளே மடித்துவிட்டிருந்த அந்த விரலளவு ஓரத்தைப் பாருங்கள். வெயில் படாத, தேயாத இடம். சட்டை வாங்கிய நாளில் இருந்த நிறம் அங்கே அப்படியே இருக்கும், பக்கத்திலேயே இத்தனை வருடம் நீங்கள் உடுத்தி வெளுத்த நிறமும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பழைய தையல் துளைகள் புள்ளி வரிசையாக ஓடும். அந்தப் பட்டையை மட்டும் வெட்டித் தனியே எடுத்து வையுங்கள். மூலையில் தேதி எழுதிய சீட்டு ஒன்றைத் தைத்துவிடுங்கள். உங்கள் முதல் மாதிரித் துண்டு அது.